இறந்து ஆறு ஆண்டான நாயின் முழங்கால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப் பெரிய மனசு வேண்டும், தனியாக ஒரு பிரேக்கும் வேண்டும். அவளிடம் இரண்டும் இருந்தன. பயிற்சிக் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் படிக்க வருகிறவர்கள் அவளை ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். உயிர் அவள் காலில் இருக்கும்போது வயதா பார்க்க முடியும்?

நான் கதை எழுதுகிற ஆள் என்று தெரிந்ததும் என்னை அவள் ‘ரைட்டர்’ ஆக்கிவிட்டாள். “ரைட்டரே, லெஃப்ட்டு!” என்று அவள் கத்தும்போதெல்லாம் எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாமல் நேரே போயிருக்கிறேன்.

எட்டாவது வகுப்பின்போது ஒரு சிக்னலில் நின்றோம். முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே அவள், “எங்க நாய் செத்து ஆறு வருஷம் ஆச்சாம், ரைட்டரே. நேத்துதான் சொன்னாங்க” என்றாள்.

“ஐயோ பாவம்” என்றேன், வாய் பழக்கத்தில்.

“என்ன பாவம்? இன்னிக்குக் காலையில என் செருப்பக் கடிச்சுத் துப்பிருச்சு.”

அன்றிலிருந்து பதினான்கு வகுப்புகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடித்தாள். எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. ஆனா நடந்தத நடந்த மாதிரி எழுதணும். அழகு பண்ணக் கூடாது” என்றாள். முடிந்தவரை அப்படியே செய்திருக்கிறேன். என் புத்தி போன இடங்களை அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன், சாட்சிக்கு.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தொலைபேசி —

[மழை பெய்யவில்லை. கதையில் யாருக்காவது கெட்ட சேதி வரப்போகிறது என்றால் என் கை தானாக மழையை வரவழைத்துவிடுகிறது. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: ஆவணங்களின் உலகில் ஓர் உயிரின் இருப்பு என்பது —

[இந்த வாக்கியத்தை நான் முடித்தால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.]

ஆகவே, நடந்தது: புதன்கிழமை, பகல் பதினொரு மணி, நல்ல வெயில். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் பிரேக் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறைத் தரையில் டயர் படுத்திருந்தது. டயர் என்பது அவள் நாயின் பெயர். வந்த முதல் நாளே பயிற்சிக் காரின் சக்கரத்தில் சாய்ந்து தூங்கியதால் வந்த பெயர். பின்னங்கால் ஒன்றைத் தனக்குச் சம்பந்தமில்லாத பொருள்போல நீட்டி வைத்திருந்தது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் தடவிய குரல்.

“உங்க நாய்க்கு முழங்கால் ஆப்பரேஷனுக்கு அனுமதி கேட்டிருந்தீங்க இல்லைங்களா? அதுல ஒரு சின்ன சிக்கல்மா.”

“என்ன பேப்பர் வேணும்னு சொல்லுங்க, அனுப்பறேன்.”

“பேப்பர் எல்லாம் சரியா இருக்குங்க. நாய்தான்... எங்க பதிவுல அது இறந்துபோச்சுங்க.”

“எந்த நாய்?”

“உங்க நாய்தான்மா. ஆறு வருஷம் ஆச்சு. டாக்டர் சான்றிதழ் இருக்கு, எரிச்ச ரசீது இருக்கு. பழைய சொந்தக்காரருக்கு இழப்பீடும் குடுத்து ஃபைல மூடியாச்சு.”

பிரேக் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. சமையலறையில் பிரேக் இல்லை. உலகம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

“அது இப்ப என் முன்னாடி கால நீட்டிப் படுத்திருக்குங்க” என்றாள்.

இப்படி ஒரு பதிலுக்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். கடைசியில், கற்றுத்தந்தவற்றிலேயே பக்கத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னாள்: “உங்க இழப்புக்கு எங்க ஆழ்ந்த வருத்தங்கள்.”*

* இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. இவ்வளவு நல்ல வரி எனக்கு வந்திருந்தால் மழையை நம்பிப் பிழைத்திருக்க மாட்டேன்.

3

கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு பூனையின் மேல் காரை ஏற்றிவிட்டார். அவள் காலில் பிரேக் இருந்தும் ஒரு நொடி பிந்திவிட்டது. பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த பிராணி மருத்துவரிடம் ஓடினாள். பூனை பிழைக்கவில்லை. கை கழுவப் பின்னறைக்குப் போனபோது, கூண்டுக்குள் ஒரு பழுப்பு நாய் காதில் கட்டுடன் இவளைப் பார்த்தது.

“ரோட்டுல கெடந்துச்சு. யாரும் தேடி வரல. வேணுமா?” என்றார் டாக்டர்.

ஓர் உயிரைப் போக்கிவிட்டு வந்த கையோடு இன்னோர் உயிரை ‘வேணுமா’ என்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், டயரின் காதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. பகல் தூக்கம் இன்றும் டயரின் வயிற்றின் மேல்தான்.

இத்தனை ஆண்டுகளும் டயருக்கு வைத்தியம் அந்த டாக்டர்தான். பார்த்ததற்குப் பணம் வாங்க மாட்டார். “நான் குடுத்த புள்ளதான” என்பார். தங்கமான மனுஷர் என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், அவள் டயருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாள். கணவர் சமையலறை அலமாரிகள் பொருத்துகிற வேலையில் இருப்பவர். “எனக்கே ஒரு காப்பீடும் கெடையாது, நாலு கால் பிராணிக்கு எதுக்குடி?” என்றார். “உங்களுக்கு ரெண்டு காலுதான், பாதி ஆபத்து” என்று கையெழுத்துப் போட்டாள்.

இந்த ஆண்டு டயர் நொண்ட ஆரம்பித்தது. “மாத்திரையிலயே பாத்துக்கலாம்” என்று டாக்டர் நாலு மாதம் இழுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம், “அவசரப்படாதீங்க” என்றார். ஒருநாள் அவரைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முழங்கால் தசைநார் அறுந்திருந்தது. ஆப்பரேஷன்தான் வழி.

அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் நாயின் தோலுக்கடியில் இரண்டு அரிசி மணிகள் தெரிந்தன. ஒன்று கழுத்தருகே, இன்னொன்று தோளுக்குச் சரிந்து. நாயை அடையாளம் காண ஊசியால் உள்ளே வைக்கிற சிப் அது. ஒரு நாய்க்கு ஒன்றுதான் இருக்கும். கழுத்தில் இருந்தது டாக்டர் அவளுக்காக வைத்தது. மற்றது? “முன்னாடி யாராவது வளத்திருப்பாங்க” என்றாள் எக்ஸ்ரே எடுத்த பெண். ஆப்பரேஷனுக்கு அனுமதி கேட்கும் காப்பீட்டுப் படிவத்தில் ‘சிப் எண்’ என்று ஒரே கட்டம்தான் இருந்தது. பிரேக் அக்கா இரண்டையும் நெருக்கி எழுதினாள். ஒளித்துப் பழக்கமில்லை. அந்த இரண்டாவது எண்தான் நிறுவனத்தின் பதிவில் இறந்துபோயிருந்தது.

[இங்கே ‘அவள் நேர்மையே அவளுக்கு வினையானது’ என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும், “நேர்மையுமில்ல ஒண்ணுமில்ல, கட்டத்துல எடமிருந்துச்சு, எழுதினேன்” என்றாள்.]

4

கதையை எழுத வேண்டுமே என்பதற்காக, பிராணிகள் வளர்ப்பவர்களிடம் காப்பீடு பற்றிக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். கட்டுரை எழுதுகிறவன்போல ஒரு நோட்டும் வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் பூனைக்குப் பல் வைத்தியத்துக்குப் பணம் வரவில்லை. பாலிசி எடுக்கும்போது அவள் அனுப்பிய புகைப்படத்தில் பூனை கொட்டாவி விட்டிருந்தது. உள்ளே ஒரு பல் பழுப்பாக இருந்ததாம். முன்பே இருந்த நோய் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கிளி வளர்க்கிற பெரியவர் ஒருவருக்கு இரண்டே நாளில் முழுத்தொகையும் வந்துவிட்டது. அவர் அதிர்ந்துபோய், தவறுதலாக வந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்டிருக்கிறார். வந்தாலும் அதிர்ச்சி, வராவிட்டாலும் அதிர்ச்சி.

இவர்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார்கள் என்று தோன்றுகிறது. நம் மடியில் படுத்திருக்கிற உயிர் வேறு. அந்த ஃபைலில் இருக்கிற உயிர் வேறு. இரண்டும் என்றைக்காவது நேருக்கு நேர் —

[போதும். வாசலில் ஆள் வந்து நிற்கிறார்.]

5

போன் வந்த நான்காம் நாள் அவர் வந்தார். சவரம் செய்யாத முகம், இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு கடிதம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். கணக்கு வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

“இங்க ஒரு நாய்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் டயர் நொண்டிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தது. வாசலிலேயே, செருப்புகளுக்கு நடுவில், அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

[முதல் வரைவில் டயர் பழைய எஜமானனை அடையாளம் கண்டு ஓடிப்போய் முகத்தை நக்கியது. நடந்தது அப்படி இல்லை. அது அவர் கடிதத்தை முகர்ந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.]

கடிதத்தை நீட்டினார். இறந்ததாகச் சான்று காட்டித் தொகை பெற்ற நாய் உயிருடன் இருப்பதாகத் தெரியவருகிறது, இது மோசடியாகக் கருதப்படும், பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும் என்றது கடிதம்.

“நான் பொய் சொல்லலம்மா” என்றார். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி, என் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு, இது அவ கன்னத்தக் கடிச்சிருச்சு. பதினோரு தையல். ரத்தத்தப் பாத்ததும் எனக்குக் கண்ணு தெரியல. நேரா டாக்டர்கிட்ட கொண்டுபோய், ஊசி போட்டு முடிச்சிருங்கன்னு கையெழுத்துப் போட்டேன். கூட நிக்க முடியல, வந்துட்டேன். மறுநாள் சான்றிதழும் சாம்பலும் குடுத்தாரு.”

“எந்த டாக்டர்?” கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அவர்தான் இந்த அட்ரஸக் குடுத்தாரு. நேத்து லெட்டரோட போயி நின்னேன். ‘அது உசுரோட இருக்கு, போய்ப் பாருங்க’ன்னுட்டு உள்ள போயிட்டாரு.”

பிரேக் அக்கா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். கடித்த நாய். கன்னத்தில் கடித்த நாய். உள்ளே அவள் மகள் அதன் முதுகில் தலை வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் வேறு எங்கோ இருந்தார். “வீட்டுல ஒரு பீங்கான் ஜாடி இருக்கும்மா. ஷோகேஸ்ல. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில என் பொண்ணு அதுக்குப் பூ வெப்பா” என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, நாயைப் பற்றிக் கேட்கிற மாதிரியே இல்லாமல் கேட்டார்:

“அப்ப அந்த ஜாடில இருக்கறது யாரு?”

6

டாக்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதராக அல்ல, பாத்திரமாக. ஒரு வரைவில் அவரைப் பணத்துக்காகச் சான்றிதழ் விற்கிறவராக்கினேன்; ஒட்டவில்லை. இன்னொன்றில் மகானாக்கினேன், அதற்குப் பிரேக் அக்கா சம்மதிக்கவில்லை. வாத்தியார் வந்த அன்றே அவள் டாக்டரிடம் போய்க் கேட்டாள். பேசியதை அவள் சொன்னபடி தருகிறேன்.

“ஊசி போடறதுக்கு முன்னாடி உடம்பத் தொட்டுப் பாக்கறது என் பழக்கம்” என்றார் டாக்டர். “காதத் தொட்டதும் அலறுச்சு. உள்ள புல்லு வெத ஒண்ணு எறங்கி, சீழ் வெச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு ஆசையா தலையக் கட்டிப் புடிச்சிருக்கா. வலியில கடிச்சிருக்கு. அவ்வளவுதான். அந்த நாய எப்படிம்மா கொல்லறது?”

“கொல்ல வேணாம். அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“போன் போட்டேன், எடுக்கல. மறுநாள் அவரே வந்து நின்னாரு. ‘வியாதியில போயிருச்சுன்னு எம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன்’னு தேம்பித் தேம்பி அழுதாரு. அஞ்சு நிமிஷம் இருந்தாரு. அந்த அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருக்கணும். சொல்லல. சான்றிதழ் கேட்டாரு, எழுதிட்டேன். சாம்பல் கேட்டாரு...” அவர் மேசையைப் பார்த்தார். “அன்னிக்கு ஒரு பூனைய எரிச்சிருந்தோம்.”

எந்தப் பூனை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

“சரி. அவருகிட்டச் சொல்லல. எங்கிட்ட? கடிச்ச நாய்னு ஒரு வார்த்த? எம் பொண்ணு அது மேல படுத்துத் தூங்கறா டாக்டர்!”

“காதுதான் காரணம். அது இனிமே கடிக்காதுன்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே!”

அவர் அதற்கு வராமல் வேறொன்று சொன்னார். “கம்பெனில உங்களையும் கேப்பாங்க, நாய் எப்படி வந்துச்சுன்னு. ரோட்டுல கண்டெடுத்தேன்னு எழுதிருங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான? அது பொய்யில்லையே.”

“அப்ப அந்த வாத்தியாரு?”

“நாய ரோட்டுல விட்டுட்டு, வேற ஒண்ணக் காட்டிச் செத்துப்போச்சுன்னு எழுதி வாங்கினாருன்னு ஆகும். அபராதம் போடுவாங்க. உண்மைய எழுதினா எனக்கு லைசென்ஸே போயிரும். இந்தப் பக்கம் வேற பிராணி டாக்டர் கெடையாது, உங்களுக்கே தெரியும்.”

இத்தனை ஆண்டுகள் வாங்காத கட்டணத்தின் அர்த்தமும், மாத்திரையிலேயே நாலு மாதம் இழுத்ததன் அர்த்தமும் அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. அல்லது, புரிந்ததாக நான் எழுதுகிறேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “வெளிய வந்து பத்து நிமிஷம் கார ஸ்டார்ட் பண்ணாமலே உக்காந்திருந்தேன்.”

7

நிறுவனத்திலிருந்து படிவம் வந்தது. ‘இப்பிராணி தங்களிடம் எவ்வாறு வந்தது? மூன்று வரிகளுக்கு மிகாமல்.’

இந்த இடத்தில் நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், டாக்டர் மனம் திருந்தித் தானே நிறுவனத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். மாலை வெயில் அவர் முகத்தில் —

இன்னொன்றில், பிரேக் அக்கா ‘ரோட்டில் கண்டெடுத்தேன்’ என்று எழுதிவிட்டு, வாழ்நாள் முழுக்கக் கணக்கு வாத்தியார்களைக் கண்டால் வேறு தெருவில் ஒடிக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டையும் படித்துக் காட்டினேன். “அவரு போகல, ரைட்டரே” என்றாள். “நான்தான் எழுதினேன். என் கையாலதான். டாக்டர் குடுத்தாருன்னு எழுதினேன். எங்க வீட்டுக்காரருகூடக் கேட்டாரு, ‘யோசிச்சிட்டியாடி’ன்னு. யோசிச்சா எழுதியிருக்க மாட்டேன், அதான் சீக்கிரம் எழுதினேன்.”

பின்விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாத்தியார் மீதான மோசடிப் பேச்சை நிறுவனம் கைவிட்டது. டாக்டரின் கதவில் பூட்டு தொங்குகிறது. விசாரணை நடக்கிறது. கிளி வளர்க்கிற பெரியவர் அவளை நடுத்தெருவில் நிறுத்தி, “அந்த மனுஷன் உனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?” என்று கேட்டார். டயரின் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கடித்த வரலாற்றை விண்ணப்பத்தில் மறைத்துவிட்டாளாம்!*

* அவர்கள் பதிவேட்டில் டயர் இன்னும் இறந்தே இருக்கிறது. உயிர்ப்பிக்க வேண்டுமானால் முதல் சொந்தக்காரர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆப்பரேஷன் நடந்தது. எப்படி நடந்தது என்பது தனிக்கதை. அந்தக் கதையில் அவள் கணவரின் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது, விற்றாயிற்று, இனி வராது.

ஒன்றை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தவித்தேன். நான் புனைந்தேன் என்றுதான் நினைப்பீர்கள். ஆப்பரேஷன் அன்று பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க டயர் யாரையும் கிட்டே விடவில்லை. அப்போது பின்னாலிருந்து பழைய டாக்டர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. டயரின் தலையைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஏறிக் கண் மூடும்வரை பிடித்திருந்தார். பிரேக் அக்கா அவரைப் பார்க்கவில்லை, அவரும் இவளைப் பார்க்கவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

8

தையல் பிரித்த சனிக்கிழமை, “வந்து பாத்துட்டுப் போங்க, நேர்ல பாக்காமலே எழுதறீங்க” என்று கூப்பிட்டாள். போனேன். கூடத்தில் பழைய போர்வையின் மேல் டயர் கிடந்தது. முடி மழித்த கால் உரித்த கோழிபோல இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன நாய். என்னை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

அவள் போனை மேசையில் என் பக்கம் தள்ளினாள். கணக்கு வாத்தியார் மூன்று நாளுக்கு முன்னால் அனுப்பிய செய்தி:

‘தங்கச்சி, எம் பொண்ணுக்கு இப்ப பதினாலு வயசு. இன்னும் அவகிட்ட எதுவும் சொல்லல. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்து காட்டிட்டு அப்பறம் சொல்லட்டுமா? இல்ல சொல்லிட்டுக் கூட்டிட்டு வரட்டுமா? இல்ல, சொல்லவே வேணாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படி.’

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் தேடிய முடிவுகளை, மூன்றாக, ஒரு கணக்கு வாத்தியார் ஒரே செய்தியில் எழுதியிருந்தார்.

“நீங்கதான எழுதறவரு, சொல்லுங்க. என்ன பதில் போடறது?” என்றாள்.

“அவளுக்குத் தெரியணும் இல்லையா?” என்றேன், பாதி மனசோடு.

“என்ன தெரியணும்? அப்பா கொல்லச் சொன்னாருன்னா? தான் ஆறு வருஷமா பூ வெச்சது வேற எதுக்கோன்னா? வந்து நின்னா, கன்னத்தத் தொட்டுப் பாப்பாளா, நாயத் தொட்டுப் பாப்பாளா? இங்க என் பொண்ணு இருக்கா. அவளுக்கு நான் என்ன சொல்றது?”

அப்போதுதான் அவள் மகள், ஐந்து வயதுக்காரி, உள்ளேயிருந்து கையில் ஒரு மாத்திரையுடன் வந்தாள். எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. டயரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அதன் வாயைப் பிளந்தாள். மாத்திரையை நாக்கின் அடிவரைக்கும் கொண்டுபோனாள். மணிக்கட்டுவரை கை உள்ளே போயிருந்தது. மேலும் கீழும் பற்கள்.

அவள் அம்மா என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் மூடினாள். டயர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. கை வெளியே வந்தது. டயர் விழுங்கியது. சின்னவள் ஈரக்கையை அதன் முதுகிலேயே துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

எங்கோ ஒரு வீட்டில் பதினாலு வயதுப் பெண்ணின் கன்னத்தில் பதினோரு தையலின் தழும்பு இருக்கிறது. இங்கே நான் கண்ணால் பார்த்தது இது. அந்தத் தழும்புக்கும் இந்தக் கைக்கும் பற்கள் ஒன்றுதான்.

எனக்கு மேலே எழுதத் தெரியவில்லை. பிரேக் அக்கா போனை எடுத்தாள், தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். நான் கிளம்பும்வரை திரையில் இருந்தது இவ்வளவுதான். நாளை ஞாயிறு. மீதியை நீங்கள் எழுத வேண்டும்.

‘அண்ணா, ஞாயித்துக்கிழமை